அபூ சயீதின் பத்துத் தோட்டாக்கள்

க்ரஷர் முகாமின் கேட் கண்ணிலிருந்து மறைந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மலையடிவாரச் சாலையின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, கக்கத்தில் போர்வை மூட்டை, சட்டைப் பையில் விசா கேன்சல் ஆன காகிதம். ராஸ் அல் கைமாவின் அந்தப் பக்கத்தில் ஜல்லி லாரிகள்தான் போகும். ஒவ்வொரு லாரிக்கும் நின்று கண்ணை மூடிக்கொள்வேன். தூசி அடங்கியதும் நடப்பேன்.

போன வாரம் இந்தத் தொடரில் எழுதிய அந்தக் கல்லுடைக்கும் வேலை அதோடு முடிந்தது. கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலையில் அவர்கள் பங்குக்கு இருந்த கல் தீர்ந்தது, கலாஸ். மற்றவர்கள் விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். நான் ஏறவில்லை. புது வேலை பிடிக்க இன்னும் ஒன்பது நாள் சட்டம் இடம் கொடுத்தது. நடந்தால் ஏதாவது அகப்படும் என்பது என் நெடுநாள் பழக்கம்.

மூக்குக் கண்ணாடியின் வலப்பக்க வில்லை இரண்டு வாரம் முன்பே கல் தெறித்து உடைந்திருந்தது. அதனால் எனக்கு உலகம் இடது பக்கம் தெளிவாகவும் வலது பக்கம் பஞ்சாகவும் இருந்தது. வலது பக்கமிருந்து வந்து நின்ற பிக்கப் வண்டியை ஹாரன் சத்தம் கேட்டுத்தான் பார்த்தேன்.

சீட் பெல்ட் போட்ட துப்பாக்கி

வண்டியை ஓட்டியவர் ஒரு அரபிக் கிழவர். நரைத்த தாடி, தலையில் மலைக்காரர்கள் கட்டும் முண்டாசு. பின் சீட்டில் பூட்டுப் போட்ட நீளமான தோல் பெட்டி ஒன்று. அதற்கு சீட் பெல்ட் மாட்டியிருந்தார். தனக்கு மாட்டவில்லை.

"கிதர் ஜாத்தா, ஸதீக்?"

எங்கே போகிறாய் நண்பா என்று இந்தியில் கேட்கிறார். அந்த வயது அரபிகள் பலர் நம்மவர்களோடு பழகி, பாதி அரபும் பாதி இந்தியுமாக ஒரு பாஷை பேசுவார்கள். நானும் அப்படித்தான் பேசுவேன். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"வேலை தேடிப் போறேன், பாபா."

"நடந்தா? எல்லாரும் போனில் தேடுகிறார்கள்."

"போனில் சார்ஜ் இல்லை, பாபா."

அவர் சிரித்துக் கதவைத் திறந்துவிட்டார். பெயர் அபூ சயீத், அதாவது சயீதின் அப்பா. மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் அங்கே பெரியவர்களைக் கூப்பிடுவார்கள்.

மலைக்குள்ளே அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. பேரீச்சை மரங்கள், நாற்பது ஆடுகள், ஒரு கிணறு. பார்த்துக்கொண்டிருந்த வங்காளி மொத்தமாக ஊருக்குப் போய்விட்டாராம்.

"அப்ப நான் வர்றேன், பாபா."

"இன்று சாயங்காலம் வரை அது என் தோட்டம். நாளைக்கு என்னவென்று அல்லாவுக்குத்தான் தெரியும்."

வண்டி ஓடிய அரை மணி நேரத்தில் கதையைச் சொல்லிவிட்டார். மனைவி இறந்த பிறகு மலையில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் நகரத்து வீட்டுக்கு வா என்கிறார்கள். ஒரு வருடமாகச் சண்டை. கடைசியில் போன வாரம் மூத்தவன் சயீதோடு ஒரு பந்தயத்தில் வந்து நின்றது. இன்று துப்பாக்கி மைதானத்தில் போட்டி. அவருக்குப் பத்துத் தோட்டா. பத்தும் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தால், அவர் மலையிலேயே இருக்கலாம், இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒன்று வெளியே போனாலும் தோட்டத்துக்குப் பூட்டு. துப்பாக்கி மகன் வீட்டு அலமாரிக்கு, அவர் மகன் வீட்டு அறைக்கு.

"பத்தும் உள்ளே போனால் நாளைக்கே உனக்கு வேலை. ஒன்பது என்றால் மாஃபி."

இல்லை என்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

எதிரே வந்த வண்டிக்காரருக்கு சலாம் சொல்ல அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தார். விரல்கள் தனியாக நடுங்கின. பார்க்காதவன் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னுடைய ஒன்பது நாளும் அந்த விரல்களின் மேல்தான் நிற்கிறது என்று அப்போது புரிந்தது.

சிவம் அண்ணையின் மேசை

மைதானத்தில் ஒரு நீளக் கொட்டகை. ஐம்பது மீட்டர் தள்ளி மண்மேடு, அதன் முன்னால் காகிதக் குறிகள். கொட்டகையின் ஓரத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் மேசை. அதன் பின்னால் காக்கிச் சட்டையில் ஒருவர் மூக்கு நுனியில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

நான் கல் தடுக்கி, "அய்யோ சாமி" என்றேன்.

"நீர் தமிழே? எந்த இடம்?"

"புதுக்கோட்டைப் பக்கம்ணே."

"நான் பருத்தித்துறை. சிவம். உதில இரும், தம்பி. துவக்கை மட்டும் தொட்டிடாதயும். லைசன்ஸ் இல்லாத ஆள் தொட்டா எனக்கும் சேர்த்துத்தான் ஊர் டிக்கெட்."

தொடவில்லை. இந்தக் கதையில் கடைசி வரை நான் துப்பாக்கியைத் தொடவே இல்லை.

அபூ சயீதின் துப்பாக்கி ஒரு போல்ட் ஆக்‌ஷன் கார்பைன். குட்டையான குழல், சின்னத் தோட்டா. ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். அவர் அதைச் செய்வது கதவுத் தாழ்ப்பாள் போடுவது போல இருந்தது. அந்தச் சமயத்தில் கை நடுங்கவில்லை.

கார்பைனின் முதுகில் குறியைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு கறுப்பு ஸ்கோப் உட்கார்ந்திருந்தது. துப்பாக்கியை விட அது பெரிதாகத் தெரிந்தது. பந்தயம் முடிவானதும் அப்பாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று சயீத் வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததாம். தோற்க வேண்டியவருக்கு ஜெயிக்க வேண்டியவர் கொடுத்த பரிசு. பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை என்று அதிலேயே தெரிந்தது.

பழகிப் பார்க்க ஐந்து சுட்டார். சிவம் அண்ணை தூரக்கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்.

"ரண்டு உள்ளுக்கு. மூண்டு வெளிய. அதில ஒண்டு பக்கத்துக் காகிதத்திலயே கிடக்கு."

அபூ சயீத் கோபமாகத் திரும்பினார். "அது ஓடுகிறது! கறுப்பு வட்டம் ஆடு மாதிரி ஓடுகிறது!"

காகிதம் மரச்சட்டத்தில் நான்கு ஆணியில் இருந்தது. ஓடாது.

"அண்ணே, அவரு காகிதத்தைப் பாக்கல. அவரு கையத்தான் பாக்குறாரு" என்றேன்.

"சத்தம் போடாதயும். எனக்கும் தெரியும். பதினாறு மடங்கு பெருசாக் காட்டுற கண்ணாடி, கை நடுக்கத்தையும் பதினாறு மடங்கு காட்டும். பயந்துபோய் ட்ரிக்கரை வெட்டி இழுக்கிறார்."

ஸ்கோப்பின் வளையத்தைத் திருப்பி நான்கு மடங்குக்குக் குறைத்துக் கொடுத்தார். அதிலும் சரிவரவில்லை. ஸ்கோப்புக்குள் பார்க்கக் கண் சரியான இடத்தில், சரியான தூரத்தில் இருக்க வேண்டும். அபூ சயீதின் கழுத்து அப்படி வளையவில்லை. கொஞ்சம் நகர்ந்தாலும் கறுப்பு நிழல் வந்து பாதிப் படத்தை மறைத்தது. தலைக்கனம் வேறு. லேசான கார்பைன், மேலே கண்ணாடிப் பாரம். பக்கவாட்டில் சாயப் பார்த்தது.

குசைஸில் ஆடிய எண்கள்

கண்ணாடி பொய் சொல்லும் என்பதை நான் அதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். துபாயில் அல் குசைஸ் பக்கம் சாக்கடைக் குழாய் போடும் சைட்டில் சர்வேயருக்கு அளவுகோல் பிடிக்கும் வேலை. ஒருநாள் அந்த மலையாளி சர்வேயர் தன் லெவல் கருவிக்குள் என்னைப் பார்க்கவிட்டார். அளவுகோலின் எண்கள் தண்ணீருக்குள் கிடப்பது போல நெளிந்தன. தரையிலிருந்து எழும் சூட்டையும் கண்ணாடி சேர்த்துப் பெரிதாக்குகிறது. பத்தரை மணிக்கெல்லாம் அவர் கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்.

மைதானத்தின் சரளைத் தரையிலும் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அதைச் சிவம் அண்ணையிடம் சொன்னேன். அவர் என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"நீர் படிச்ச ஆளோ?"

"எட்டாவதுண்ணே. அதுவும் பாதி."

"ஸ்கோப் கூடாத சாமான் எண்டு நான் சொல்லேல்ல. இளம் பெடியளுக்கு அது நல்லது. ஆனா இவருக்கு வேற ஒண்டு வேணும்."

"துப்பாக்கியிலயே பழைய குறிமுள் இருக்கேண்ணே?"

"அதில பின்னால ஒரு வெட்டு, முன்னால ஒரு முள், அங்கால கறுப்பு. மூண்டையும் ஒரேயடியாத் தெளிவாப் பார்க்கவேணும். இவரின்ர கண் அதை விட்டு எத்தனையோ வருசம்."

இழுப்பறையைத் துழாவி ஒரு சின்ன இரும்புத் துண்டை எடுத்தார். அதன் மேல் காசு போல ஒரு வட்டத் தகடு. நடுவில் ஊசித் துளையை விடக் கொஞ்சம் பெரிய ஓட்டை. பீப் சைட் என்றார், கண் வைத்துக் குறி பார்க்கிற துளை. கண்ணாடி கிடையாது, வெறும் ஓட்டை. அந்தப் போட்டியில் இரண்டுக்கும் அனுமதி உண்டு. ஆனால் கார்பைனின் முதுகில் பொருத்துவதற்கு ஒரே ஒரு காடிதான். ஸ்கோப்பைக் கழற்றினால்தான் இது ஏறும்.

அபூ சயீத் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இது என்ன, சட்டைப் பொத்தானா?"

முஷ்டிக்குள் ஒரு ஓட்டை

இங்கே என் படிப்பு நின்ற கதையைச் சொல்லியாக வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தூரம் தெரியாது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லோருக்கும் கரும்பலகை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் விளையாட்டாக விரல்களை மடக்கி, முஷ்டிக்குள் சின்ன ஓட்டை விட்டுப் பார்த்தேன். பலகையில் இருந்த எழுத்துகள் பளிச்சென்று வந்து நின்றன. அன்றிலிருந்து அப்படியே பார்த்து எழுதினேன்.

எட்டாம் வகுப்புக்குப் புதிதாக வந்த கணக்கு வாத்தியார், நான் அவரைப் பைனாகுலர் வைத்துப் பார்ப்பது போலக் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். பிரம்பு முறிந்தது. நான் விளக்கம் சொல்லவில்லை. சொல்ல எனக்கே விளக்கம் தெரியாது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக லாரி ஷெட்டுக்குப் போனேன். பிறகு குவைத்தில், அப்பாசியாவில் ஒரு மளிகைக் கடையில் இருந்தபோதுதான் முதல் மூக்குக் கண்ணாடி வாங்கினேன். அது உடையும் போதெல்லாம் பிஸ்கட் அட்டையில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, அதன் வழியாகத்தான் எதையும் படிப்பேன்.

அதனால் அந்த இரும்புத் தகட்டைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது.

"பாபா, கையை இப்படி மடக்குங்க. உள்ளே கொஞ்சம் ஓட்டை விடுங்க. அந்த போர்டைப் பாருங்க."

தூரத்தில் வேலி ஓரம் ஒரு பலகை இருந்தது. அபூ சயீத் முஷ்டியைக் கண்ணில் வைத்தார். விரல்களைக் கொஞ்சம் தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். பிறகு எழுத்துக் கூட்டி மெதுவாக அரபியில் படித்தார்.

"இங்கே... வண்டி... நிறுத்தக் கூடாது."

அந்தப் பலகைக்குக் கீழேதான் அவருடைய பிக்கப் நின்றது.

"எத்தனை வருசமா அதில நிப்பாட்டுறார் தெரியுமே?" என்றார் சிவம் அண்ணை. "நான் சொன்னா, போர்டே இல்லை எண்டுவார்."

பீப் சைட்டை மாட்ட கால் மணி நேரம் ஆனது. மூன்று சுட்டு, திருகைத் திருகி, மறுபடி மூன்று சுட்டார்கள். ஓட்டை பெரிதாக இருக்கிறது என்று சின்ன ஓட்டைத் தகடு ஒன்றை மாற்றிப் போட்டார் சிவம் அண்ணை. பிறகு ஐந்து தோட்டா. ஐந்தும் கறுப்புக்குள் விழுந்தன.

"இப்போது ஓடுகிறதா, பாபா?"

"நிற்கிறது. கட்டிப்போட்ட ஆடு மாதிரி நிற்கிறது." கிழவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் மூச்சு வந்தது. தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்று கூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அது இரண்டு நிமிடம்தான் நீடித்தது. அபூ சயீத் கார்பைனை மேசையில் வைத்தார்.

"இதைக் கழற்று. கண்ணாடியை மறுபடி மாட்டு."

"ஏன், பாபா?"

"சயீத் அதை எனக்காக வரவழைத்தான். அவன் வந்து பார்க்கும்போது அது மேசையில் கிடக்கலாமா? வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?"

கை நடுங்குகிறது என்று மகனிடம் சொன்னால், பந்தயமே தேவையில்லை, அப்போதே நகரத்து வீடுதான். அது அவருக்குத் தெரியும். சிவம் அண்ணை ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அதற்குள் வாசலில் ஒரு பெரிய வெள்ளைக் கார் வந்து நின்றது.

வாயால் வந்தது

சயீதுக்கு நாற்பது வயதிருக்கும். தேய்த்த வெள்ளைக் கந்தூரா அங்கி, நல்ல வாசனை. ஒரு பெரிய தட்டில் சோறும் கறியும், ஃப்ளாஸ்க்கில் கஹ்வா என்கிற அரபிக் காப்பியும் கொண்டுவந்திருந்தார். அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டார். பக்கத்தில் இருந்த நாலைந்து போட்டிக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். என்னையும் உட்கார் என்றார். ஸ்கோப் மேசை மேல் கிடந்ததைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எடுத்துத் தன் பக்கத்தில் பாயில் வைத்துக்கொண்டார்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். கிழவர் ஸ்கோப்போடுதான் சுடப் போகிறார், தோற்கத்தான் போகிறார், மலைத் தோட்டம் போயிற்று என்று முடிவு செய்துகொண்டேன். மகன் பெரிய ஆள். அவரைப் பிடித்தால் வேறு வேலை கிடைக்கலாம். அதனால் அவர் வாங்கிய பொருளைப் புகழ ஆரம்பித்தேன்.

"ஸேன், வல்லா, ஸேன்!" என்றேன் ஸ்கோப்பைக் காட்டி. நல்லா இருக்கு, சத்தியமா நல்லா இருக்கு.

சயீத் தலையசைத்தார்.

"இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. ரொம்ப அழகு."

பேச்சு குறைந்தது. ஒருவர் என்னைப் பார்த்தார். நான் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் புகழ்ந்தேன்.

சயீத் கஹ்வாக் குவளையைக் கீழே வைத்தார். ஸ்கோப்பை இரண்டு கையாலும் எடுத்து என் மடியில் வைத்தார்.

"இது உனக்கு."

"லா, லா!" வேண்டாம் வேண்டாம் என்று நான் தள்ளினேன். அவர் முகம் இறுகியது.

சிவம் அண்ணை பின்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார். "தள்ளாதயும்! வாங்கும்! இவையின்ர சாமானை மாஷா அல்லா சொல்லாமல் புகழப்படாது. அதுவும் மூண்டு தரம். இனி அது உம்மட சாமான். இவ்வளவு பேருக்கு முன்னால அவர் திருப்பி எடுக்கேலாது."

எங்கள் ஊரில் குழந்தையை அழகு என்று சொல்லிவிட்டால் கன்னத்தில் மைப் பொட்டு வைப்பார்கள். இங்கே பொருளையே தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் கண்ணேறுக்குப் பயந்துதான்.

என் மடியில் ஸ்கோப் குழந்தை போலக் கிடந்தது. காது சுட்டது. எதிரே அபூ சயீத் ஒரு கவளம் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் என்னைப் பார்த்தார். பிறகு தாடி குலுங்கியது. சிரிப்பை அடக்க அவர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

"என்ன செய்வது, சயீத்?" என்றார். "விருந்தாளிக்குக் கொடுத்ததைக் கேட்க முடியாது. நான் அந்தப் பொத்தானை வைத்தே சுடுகிறேன்."

நான் வேண்டுமென்றே அப்படிச் செய்தேன் என்று சிவம் அண்ணை பின்னாளில் பலரிடம் சொல்லியிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மை நான் மேலே எழுதியதுதான்.

ஏழாவது

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு போட்டி. நான் சிவம் அண்ணையின் பக்கத்தில் நின்றேன். அவர் தூரக்கண்ணாடியில் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஒண்டு உள்ளுக்கு. ரண்டு உள்ளுக்கு."

அபூ சயீத் அவசரப்படவில்லை. தாழ்ப்பாளைத் தூக்கினார், இழுத்தார், தள்ளினார், இறக்கினார். ஒவ்வொன்றுக்கும் நடுவே கார்பைனைக் கீழே வைத்துக் கண்ணை மூடித் திறந்தார்.

ஆறு வரை சிவம் அண்ணையின் குரல் ஒரே மாதிரி இருந்தது. ஏழாவதுக்குத் தூரக்கண்ணாடியின் திருகைத் திரும்பத் திரும்பத் திருகினார்.

"என்னண்ணே?"

"கோட்டில கிடக்கு, தம்பி. இஞ்சயிருந்து சொல்லேலாது."

சயீத் அப்பாவுக்குப் பின்னால் கைகட்டி நின்றிருந்தார். அவரிடமும் தூரக்கண்ணாடி இருந்தது. அவர் அதை இறக்கினார், மறுபடி தூக்கினார். எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் உள்ளே போயின. எனக்கு ஏழைத் தவிர வேறு ஒன்றும் நினைவில் இல்லை.

நடுவர் காகிதத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஓட்டைக்குள் விட்டுப் பார்க்க ஒரு சின்னப் பித்தளை அளவுக் குச்சி வைத்திருந்தார். ஏழாவது ஓட்டைக்குள் அதை இறக்கி, பூதக்கண்ணாடி வைத்துக் குனிந்தார். ஊருக்கும் மலைக்கும் நடுவே நான் அந்தப் பித்தளைக் குச்சியில் தொங்கினேன்.

"கோட்டைத் தொடுகிறது. விதிப்படி உள்ளே."

யாரோ கைதட்டினார்கள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து நடந்த கால் வலி அப்போதுதான் தெரிந்தது.

அபூ சயீத் எழுந்து மகனிடம் வந்தார். நான் பக்கத்திலேயே இருந்ததால் கேட்டது.

"உன் கண்ணாடியில் என் கை நடுக்கம் தெரிந்தது, சயீத். அதனால்தான் கழற்றினேன்."

"போன ரமலானிலேயே எனக்குத் தெரியும், அப்பா. நீங்கள் கஹ்வா ஊற்றும்போது பார்த்தேன். பெரிதாகத் தெரிந்தால் சுலபமாக இருக்கும் என்று நினைத்துத்தான் அதை வாங்கினேன்."

ஒரு வருடமாக ஒருவரிடம் ஒருவர் மறைத்தது அதுதான். சயீத் முதலில் சிரித்தார். தோற்றவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"மலையில் இருங்கள். ஆனால் தனியாக வேண்டாம். ஒரு ஆள் வேண்டும்."

அபூ சயீத் தரையில் கிடந்த என்னைக் காட்டினார்.

நான் எழுந்து ஸ்கோப்பை நீட்டினேன். "நீங்க கொடுத்தது, நான் வாங்கிட்டேன். ஆனா இதை வைக்க எனக்கு ரூம் இல்லை. எனக்காக நீங்களே வைத்திருங்க." சிவம் அண்ணை சொல்லிக்கொடுத்த வாசகம். இந்த முறை முதலிலேயே மாஷா அல்லா சொன்னேன். எதற்கென்று தெரியாமல் இரண்டு தடவை சொன்னேன். சயீத் வாங்கிக்கொண்டார்.

"விடிஞ்சா விசா எழுத டைப்பிங் சென்டருக்குப் பாஸ்போர்ட் கொப்பியை அனுப்புவினம். நீர் ஒண்டும் கதைக்காம இரும். குறிப்பா ஒண்டையும் புகழாதயும்" என்றார் சிவம் அண்ணை.

காலை

மறுநாள் சூரியன் மலைக்கு மேலே வருவதற்குள் தோட்டத்தில் இருந்தேன். பேரீச்சை மரங்களுக்கு நடுவே குளிர் இன்னும் தங்கியிருந்தது. அபூ சயீத் வாசலில் உட்கார்ந்து, நேற்றைய காகிதத்தைச் சுவரில் எங்கே மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடு மேய்த்திருக்கிறாயா?"

"இல்லை, பாபா."

"பேரீச்சைக்கு ஏறியிருக்கிறாயா?"

"இல்லை."

"தண்ணீர் இறைப்பாயா?"

"இறைப்பேன்."

கிணற்று மோட்டார் பழுதாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. கயிறும் வாளியும்தான். தண்ணீர் நான் நினைத்ததை விட மேலேயே இருந்தது. முதல் வாளியைத் தொட்டியில் ஊற்றினேன். நாற்பது ஆடுகளும் வேலிப் பக்கமிருந்து ஓடிவந்து என்னைச் சுற்றி முட்டித் தள்ளின. இன்னும் முப்பது வாளியாவது வேண்டும் என்று கணக்குப் போட்டேன். பையையும் போர்வை மூட்டையையும் கிணற்று மேட்டில் இறக்கி வைத்துவிட்டு, இரண்டாவது வாளியை உள்ளே விட்டேன்.